ஜேசுதாசன் சாரின் காதும் பூக்கொத்திக் குருவியும்

போன வாரம் ராஜபாளையம் பழைய பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு மருந்துக் கடையில் பிரஷர் மாத்திரை வாங்க நின்றிருந்தேன். ஹெல்மெட்டை முழங்கையில் மாட்டிக்கொண்டு ஒரு பெண் வந்தாள். நாற்பது வயது இருக்கும். "அண்ணே, காதுல வைக்கிற பிளக் ரெண்டு ஜோடி குடுங்க. வண்டியில போறதுக்கு" என்றாள். கடைக்காரர் ஏன், எதற்கு என்று கேட்கவில்லை. பல் துலக்கும் பிரஷ் கேட்டால் எடுத்துத் தருவதைப் போல ஒரு டப்பாவிலிருந்து எடுத்துக் கொடுத்தார். அவள் அங்கேயே ஒன்றை உருட்டிக் காதில் வைத்து, ஹெல்மெட்டைப் போட்டுக்கொண்டு, சிவகிரிப் பக்கம் போய்விட்டாள்.

நான் மாத்திரையை வாங்க மறந்து நின்றேன். எங்கள் கிளினிக்கில் முதன்முதலாக ஒருவரிடம் வண்டி ஓட்டும்போது காதை அடைத்துக்கொள்ளச் சொன்னபோது அவர் எங்களை அடிக்காத குறைதான். அந்தக் கதையை எழுதிவிடலாம் என்று அன்றைக்கே தோன்றியது.

முப்பத்தொரு வருடம் நான் காது பரிசோதிக்கும் வேலை பார்த்தேன். மதுரையில் ஒரு வருடப் பயிற்சி. அதில் படித்ததில் பாதி மறந்துவிட்டது. மற்றதெல்லாம் தென்காசி ரோட்டில் இருந்த ஒரு காது, மூக்கு, தொண்டை கிளினிக்கில் டாக்டரம்மாவிடம் கற்றதுதான். அவர் வீட்டில் தெலுங்கு பேசுகிறவர். நம்மிடம் தமிழில் பேசும்போதும் ஏதாவது ஒன்று மனதில் பட்டுவிட்டால் "ஆகு, ஆகு" என்று கையைக் காட்டுவார். பொறு என்று அர்த்தம். அதற்குப் பிறகு யாரும் வாயைத் திறக்கக் கூடாது.

பரிசோதனை அறை எட்டடிக்கு எட்டடி. இரட்டைச் சுவர், நடுவில் மணல். தரையில் கயிற்றுப் பாய். கதவைச் சாத்தினால் மின்விசிறியை நிறுத்திவிட வேண்டும். சித்திரை மாதத்தில் வருகிறவர்கள் வியர்த்து ஒழுகுவார்கள். தினமும் காலையில் முதல் ஆளைக் கூப்பிடுவதற்கு முன்னால் நான் அந்த அறையில் உட்கார்ந்து என் காதையே சோதித்துக் காட்ட வேண்டும். "மெஷின் பொய் சொல்லும் கலா. உன் காது சொல்லாது" என்பார் டாக்டரம்மா. முதல் நாள் கதவைச் சாத்திக்கொண்டு தனியே உட்கார்ந்தபோது ஏதோ இயந்திரம் ஓடுகிறது என்று நினைத்து எழுந்து தேடினேன். செத்த நேரம் கழித்துத்தான் புரிந்தது. ஓடிக்கொண்டிருந்தது என் ரத்தம்.

முறை எளிமையானதுதான். வந்தவர் காதில் ஹெட்போனை மாட்ட வேண்டும். சத்தம் கேட்டால் விரலைத் தூக்க வேண்டும், நின்றால் இறக்க வேண்டும். கேட்டால் பத்துப் படி சத்தத்தைக் குறைப்பேன். கேட்காவிட்டால் ஐந்து படி கூட்டுவேன். ஒரே இடத்தில் மூன்று தடவையில் இரண்டு தடவையாவது விரல் எழுந்தால்தான் அதை நம்பித் தாளில் குறிக்கலாம். வலது காதுக்குச் சிவப்பு வட்டம், இடது காதுக்கு நீலப் பெருக்கல் குறி. தடித்த சத்தத்திலிருந்து கீச்சுச் சத்தம் வரை இப்படிக் குறித்துக் கோட்டால் இணைத்தால், அந்த ஆளின் காது தாளில் வந்துவிடும். கோடு கீழே இறங்க இறங்கக் காது மந்தம். வெளியே பேருந்து ஹார்ன் அடித்தால் நிறுத்தி மறுபடி தொடங்க வேண்டும். தாளில் தப்பு இருந்தால் டாக்டரம்மா திட்ட மாட்டார். மேசையில் அதைக் குப்புறக் கவிழ்த்துவிட்டு அடுத்த ஆளைப் பார்க்கப் போய்விடுவார். மறுபடி எடு என்று அர்த்தம். திட்டியிருந்தால் தேவலை என்றிருக்கும்.

நான் சேர்ந்த முதல் வருடத்திலேயே பஞ்சாலையில் நூல் ஓட்டுகிற பெண் ஒருத்தி வந்தாள். அவளுடைய கோடு நேராகப் போய், கீச்சுச் சத்தம் தொடங்கும் இடத்தில் கிணறு மாதிரி இறங்கி, பிறகு ஏறியது. மறு வாரம் வேறொரு ஆலையிலிருந்து ஒருவர். அதே இடத்தில் அதே பள்ளம். அடுத்த மாதம் இன்னொருவர். மூன்று தாளையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தபோது எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. ஆள் வேறு, ஊர் வேறு, வயது வேறு. இரைச்சல் எல்லார் காதிலும் ஒரே இடத்தில் கையெழுத்துப் போட்டிருந்தது.

ஜேசுதாசன் சார் வந்தது நான் சேர்ந்து பதினைந்து வருடத்துக்கும் மேல் ஆன பிறகு. ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரர். ஆலைகளுக்கு உதிரிபாகம் விற்கிற வேலை. காலையில் மோட்டார் சைக்கிளில் கிளம்பினால் சங்கரன்கோவில், கோவில்பட்டி, சாத்தூர் என்று சுற்றிவிட்டு இருட்டுவதற்குள் வீடு. இருபது வருடமாக அதே ஓட்டம். அவரை அவர் மனைவி ரூபி இழுத்து வந்திருந்தார். அந்தம்மா பஸ்ஸில் வந்து எங்கள் வாசலில் காத்திருக்க, இவர் வேலை முடித்து நேராக வண்டியில் வந்து சேர்ந்தார்.

"இவுகளுக்குக் காது கேக்கல சிஸ்டர். வீட்டுல டிவி சத்தம் தெருவுக்கே கேக்கு. கேட்டா நான்தான் முணுமுணுக்கேனாம்" என்றார் ரூபி.

"எனக்கு நல்லாத்தான் கேக்குது" என்றார் இவர், தேவைக்கு மேல் உரக்க.

"அப்பொ அந்த மாந்தோப்புக்காரர் சொன்னது?"

அவர் முகம் இறுகிவிட்டது. மீதியை ரூபிதான் சொன்னார்.

ஜேசுதாசன் சாருக்கு ஞாயிறு காலை ஆராதனை முடிந்ததும் ஒரே ஒரு பைத்தியம், பறவை. அய்யனார் கோவிலுக்குப் போகிற வழியில் உள்ள மாந்தோப்புகளில் நின்று, கேட்கிற குரலை வைத்தே எந்தப் பறவை, எத்தனை என்று நோட்டில் எழுதுவார். அப்படிப் பதினெட்டு நோட்டு. அதில் பூக்கொத்தி என்று ஒரு குருவி. கட்டை விரல் அளவுதான் இருக்கும். மாமர உச்சியில் புல்லுருவி படர்ந்த இடத்தில் கிடக்கும். கண்ணால் பார்ப்பது அபூர்வம், 'டிக், டிக்' என்கிற கீச்சுக் குரலை வைத்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும். மூன்று வருடமாக அந்தக் குருவி அவர் நோட்டில் இல்லை. தோப்புக்காரர் பெருமாள்சாமி மரத்துக்கு மருந்தடித்தே குருவிகளை ஒழித்துவிட்டார் என்று இவர் முடிவு கட்டி, தோப்பு வாசலில் நின்று சண்டை போட்டிருக்கிறார்.

"அதுக்கு அந்த மனுசன் என்ன சொன்னாரு தெரியுமா சிஸ்டர்? 'தெனமும் தலைக்கு மேல கெடந்து கத்துது அண்ணாச்சி. காதுல பஞ்சா வச்சிருக்கீரு?'ன்னு கேட்டாராம். இவுக அதுக்கு அவர் மேல கலெக்டருக்கு மனு எழுதி, நாப்பது பேர்ட்ட கையெழுத்து வாங்கிப் பையில வச்சிருக்காக. திங்கக்கெழம குடுக்கப் போறாகளாம்."

"குடுக்கத்தான் போறேன்" என்றார் இவர்.

நான் அவரை உள்ளே கூட்டிப் போய் ஹெட்போனை மாட்டினேன். நல்ல மனிதர், விரலை நேர்மையாகத் தூக்கினார். பாதி வரை நன்றாக இருந்தது. கீச்சுச் சத்தத்துக்கு வந்தபோது விரல் எழவே இல்லை. சத்தத்தைக் கூட்டிக்கொண்டே போனேன். நல்ல காதுக்கு இருபதுக்குள் கேட்க வேண்டியது இவருக்கு அறுபதில் கேட்டது. இரண்டு காதும் அப்படியே. அந்தச் சத்தம் ஹெட்போனிலிருந்து கசிந்து எனக்கே கேட்டது. அவரோ கண்ணை மூடி, நெற்றியைச் சுருக்கி, ஒன்றுமே இல்லாத இடத்தில் எதையோ தேடுகிறவர் போல உட்கார்ந்திருந்தார்.

தாளைக் கொண்டுபோய் வைத்தேன். டாக்டரம்மா பார்த்தவுடன், "இவர் எந்த மில்லு?" என்றார்.

"மில்லு இல்லம்மா. ஸ்பேர் பார்ட்ஸ் விக்கிறவர்."

"துப்பாக்கி? வெடிக்கட்டு? சர்ச்சுல டிரம்ஸ்?"

"எதுவும் இல்லையாம்."

"ஆகு. எப்படி வந்தாரு?"

"வண்டியிலதான்."

"வந்து எம்புட்டு நேரங்கழிச்சு டெஸ்ட் எடுத்த?"

வந்தவரை நேராக உள்ளே கூட்டிப் போயிருந்தேன். இரைச்சலிலிருந்து வருகிறவர்களுக்குக் காது ஓய்ந்த பிறகுதான் பரிசோதிக்க வேண்டும் என்பது பாடம். ஆலைக்காரர்களை அப்படித்தான் மறுநாள் வரச் சொல்வேன். மோட்டார் சைக்கிளில் வந்தவரிடம் அதைக் கேட்கத் தோன்றவே இல்லை. டாக்டரம்மா தாளைக் குப்புறக் கவிழ்த்தார்.

இரண்டு நாள் வண்டியைத் தொடாமல் வீட்டில் இருந்துவிட்டு வாருங்கள் என்று சொல்லி அனுப்பினோம். மனுவையும் அதுவரை கொடுக்க வேண்டாம் என்று ரூபி கெஞ்சினார். செவ்வாய்க்கிழமை அவர்களைக் கணவன் மனைவியாக ஆட்டோவில் வரச் சொல்லி, மறுபடி எடுத்தேன். அறுபதில் கேட்டது இப்போது நாற்பத்தைந்தில் கேட்டது. ஐந்து முறை சரிபார்த்தேன். எந்த மருந்தும் இல்லாமல், சும்மா இருந்ததிலேயே, ஒரு மனிதனின் காது பதினைந்து படி ஏறி வந்திருந்தது.

டாக்டரம்மா இரண்டு தாளையும் வெகுநேரம் பார்த்தார். பிறகு, "ஜேசுதாசன், நாளைக்கு உங்க வண்டியக் கொண்டாங்க. ஹெல்மெட்டையும்" என்றார்.

டாக்டரம்மாவுக்கு அப்போது அறுபதை நெருங்கும் வயது. மோட்டார் சைக்கிளில் ஏறியே பழக்கமில்லாதவர். மறுநாள் புறநோயாளிகளை எல்லாம் பார்த்து முடித்துவிட்டு, சேலைத் தலைப்பை இழுத்து இடுப்பில் செருகி, ஜேசுதாசன் சாரின் ஹெல்மெட்டைத் தன் தலையில் மாட்டிக்கொண்டு பின்னால் உட்கார்ந்தார். சாருக்கு அடுத்த கடையிலிருந்து ஒரு ஹெல்மெட் இரவல். "எப்பயும் போற வேகத்துலயே போகணும். எனக்காக மெதுவாப் போகக் கூடாது" என்று கண்டிப்பாகச் சொன்னார். ஸ்ரீவில்லிபுத்தூர் ரோட்டில் போய்த் திரும்பினார்கள். கம்பவுண்டரும் நானும் ரூபியும் வாசலில் நின்று சாமியைக் கும்பிட்டுக்கொண்டிருந்தோம்.

திரும்பி வந்து இறங்கிய டாக்டரம்மா ஹெல்மெட்டைக் கழற்றவில்லை. அப்படியே நின்றார். கழற்றியபோது முகம் வெளிறியிருந்தது.

"கலா, எஞ்சினே கேக்கல. காத்து. அம்புட்டும் காத்து."

எல்லாரும் வண்டிச் சத்தத்தைத்தான் சந்தேகப்பட்டோம். சார் வண்டியோ பூனை மாதிரி ஓடும். குற்றவாளி அதுவல்ல. வேகமாகப் போகும்போது தலையின்மேல் மோதிக் கிழிகிற காற்று, ஹெல்மெட்டுக்குள் பஞ்சாலையை விட மோசமாகக் கத்திக்கொண்டிருந்திருக்கிறது. வெறும் காற்று! வீட்டு வாசலில் உட்கார்ந்து சுகமாக இருக்கிறதே என்று சொல்கிற அதே காற்று. இருபது வருடம் அது அவர் காதில் ஊதி ஊதி, பூக்கொத்தியின் குரல் இருந்த இடத்தைச் சரியாகத் தேடிப் பிடித்துத் தின்றிருக்கிறது. அன்றைக்கு இரவெல்லாம் எனக்கு அதே நினைப்பாக இருந்தது.

டாக்டரம்மா அவரிடம் எதையும் மறைக்கவில்லை. "காதுக்குள்ள நத்தை ஓடு மாதிரி ஒரு சுருள் இருக்கு. அதுக்குள்ள கண்ணுக்குத் தெரியாத முடி. சத்தம் அதை அசைச்சாத்தான் நமக்குக் கேக்கும். காத்துல சாஞ்ச நெல்லு நாத்து மறுநாள் நிமிந்துக்கும். தெனமும் சாச்சா? கொஞ்சம் செத்துப்போகும். செத்தது மொளைக்காது. ரெண்டு நாள் இருந்ததுல நிமிந்துச்சே, அது இன்னும் சாகாதது. இப்ப அதத்தான் காப்பாத்தணும்" என்றார்.

சார் கேட்டார்: "அப்பொ அந்தக் குருவி?"

"இருக்கும். உங்களுக்குக் கேக்கல."

அவர் பையிலிருந்து மனுவை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். கிழிக்கவும் இல்லை, திருப்பி வைக்கவும் இல்லை. ரூபி மெதுவாக அதை வாங்கித் தன் கைப்பையில் போட்டுக்கொண்டார்.

அப்போதுதான் டாக்டரம்மா மேசை இழுப்பறையிலிருந்து ஒரு ஜோடி காது அடைப்பானை எடுத்தார். ஆலைக்காரர்களுக்கு நாங்கள் கொடுப்பது, ஆரஞ்சு நிறம், மெத்தென்று இருக்கும். "இனிமே வண்டியில ஏறுறப்ப இதக் காதுல வச்சுக்கோங்க."

சார் எழுந்துவிட்டார். "கேக்காமப் போச்சேன்னு வந்தேன். இருக்கிறதையும் அடைச்சுக்கோங்குறீங்க. பின்னாடி லாரிக்காரன் ஹார்ன் அடிச்சா எவன் சொல்லுவான் எனக்கு? ரூபி, வா போவோம்."

"ஆகு" என்றார் டாக்டரம்மா. "ஒரே ஒரு தடவ. சத்திரப்பட்டி வரைக்கும் போய்ட்டு வாங்க. ஆகலைன்னா என் மேசையில வீசிட்டுப் போங்க."

நான்தான் வைத்துவிட்டேன். அடைப்பானை இரண்டு விரலால் உருட்டி ஊசி மாதிரி மெலிதாக்க வேண்டும். மறு கையைத் தலைக்குப் பின்னால் கொண்டுபோய் அந்தக் காதை மேலே பின்பக்கமாக இழுத்தால் உள்ளே வழி நேராகும். செருகிவிட்டு, அது உப்பி வெளியே வராமல் முப்பது எண்ணும் வரை விரலால் பிடித்திருக்க வேண்டும். பாதிதான் உள்ளே போயிருந்தால் பயனில்லை. ஏதோ ஊசி போடுவதைப் போல அவர் முகத்தைச் சுளித்துக்கொண்டிருந்தார். கோபமாகவே கிளம்பிப் போனார்.

அரை மணி கழித்து வந்தவர் வண்டியை நிறுத்தி ஸ்டாண்டு போட மறந்து இறங்கப் பார்த்தார். கம்பவுண்டர் ஓடிப்போய்ப் பிடித்தார்.

"சிஸ்டர், எஞ்சின் கேக்கு!" என்றார். "செயின் ஓடுறது கேக்கு. லாரி ஹார்ன் தனியா, தெளிவா கேக்கு. ஏழு வருசமா இந்த வண்டிய ஓட்டுறேன், இதோட சத்தத்த இன்னைக்குத்தான் கேட்டேன். காத அடச்சாக் கேக்குதே, இது எப்படி?"

டாக்டரம்மாவுக்கு அதற்குப் பதில் தெரியும். காற்றின் கூச்சல் அடங்கினால் மற்றது மேலே வரும், அவ்வளவுதான். ஆனால் அவர் சாரின் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். பதினைந்து வருடத்தில் அவர் கண் கலங்கி நான் பார்த்தது அன்று ஒரு தடவைதான்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை நாங்கள் மாந்தோப்புக்குப் போனோம். டாக்டரம்மா காரில் என்னையும் ரூபியையும் ஏற்றிக்கொண்டார். சார் வண்டியில் எங்களுக்கு முன்னால் போனார். தோப்பு வாசலில் பெருமாள்சாமி கையைக் கட்டிக்கொண்டு நின்றிருந்தார். சார் ஹெல்மெட்டைக் கழற்றி, காதிலிருந்து அடைப்பானை ஒவ்வொன்றாக உருவினார்.

பெருமாள்சாமி அதைப் பார்த்துவிட்டு, "யாத்தே, நெசமாவே பஞ்சு வச்சிருந்தீரா?" என்றார்.

சார் சிரிக்கவில்லை. செருப்பைக் கழற்றிவிட்டு அவர் முன்னால் போய் நின்றார். "நீங்க சொன்னது சரி. தப்பு என் காதுல. ஊரெல்லாம் உங்களப் பத்தித் தப்பாச் சொல்லிட்டேன். கையெழுத்துப் போட்ட நாப்பது பேர் வீட்டுக்கும் நானே போய்ச் சொல்லிட்டு வாரேன்" என்றார்.

தோப்புக்காரர் கட்டியிருந்த கையை அவிழ்த்தார். "செருப்பப் போடும் அண்ணாச்சி, முள்ளு கெடக்கு" என்றார். அவ்வளவுதான். அத்தோடு அந்தச் சண்டை தீர்ந்தது.

மரத்தடியில் நின்றோம். மேற்கே மலை நீலமாக இருந்தது. எனக்குப் பறவை எதுவும் தெரியாது. காக்காயையும் மைனாவையும் தாண்டி நான் போனதில்லை. ஆனால் அசையாமல் நின்று கேட்பது என் தொழில். நின்றேன். முதலில் தண்ணீர் மோட்டார், பிறகு இலை, பிறகு எங்கேயோ ஓர் ஆடு. அதற்கெல்லாம் மேலே, நகத்தால் கண்ணாடியைத் தட்டுவது போல: டிக். டிக், டிக். இடது பக்கத்து மரத்தில் ஒன்று. உச்சியில் இன்னொன்று. பின்னால் இரண்டு. ஆகாயமே அந்தச் சின்னக் குரலால் துளையிட்டுக் கிடந்தது. நாற்பத்தைந்து வருடமாக இந்த ஊரில் இருந்து இதைக் கேட்காமலா இருந்தேன் என்று மர உச்சியையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

சார் என்னைப் பார்த்தார். "கேக்கா சிஸ்டர்?"

நான் பேசாமல் விரலைத் தூக்கினேன். அவர் நோட்டைப் பிரித்து ஒரு கோடு போட்டார். மறுபடி விரல், மறுபடி கோடு. நான் காட்டிய திசையையும் அவர் எழுதிக்கொண்டார். வெயில் ஏறும் வரை அப்படியே நின்றோம். பதினான்கு கோடு. கடைசியில் அவர் தலைப்பில் 'பூக்கொத்தி' என்று எழுதி, அருகில் 'சிஸ்டர் காது' என்று அடைப்புக்குறிக்குள் குறித்துக்கொண்டார். கணக்கில் அவர் அவ்வளவு சுத்தம்.

அதற்குப் பிறகு அவர் அடைப்பான் இல்லாமல் வண்டியை எடுத்ததில்லை. ஒரு தடவை சாத்தூர் அருகே போலீஸ்காரர் நிறுத்திவிட்டார். காதில் என்ன, போன் பேசிக்கொண்டா ஓட்டுகிறாய் என்று கேட்டிருக்கிறார். சார் உருவிக் காட்டி, அங்கேயே காற்றைப் பற்றிக் கால் மணி நேரம் பாடம் நடத்தியிருக்கிறார். போகும்போது அந்தப் போலீஸ்காரர் தன் வண்டிக்கும் ஒரு ஜோடி கேட்டு வாங்கிக்கொண்டாராம்.

வருடத்துக்கு ஒரு முறை பரிசோதனைக்கு வருவார், வண்டியை முந்தின நாளே வீட்டில் விட்டுவிட்டு. தாளைப் பழைய தாளின்மேல் வைத்துப் பார்ப்போம். நாற்பத்தைந்து. அடுத்த வருடமும் நாற்பத்தைந்து. வயதாக ஆகக் கோடு இறங்குவதையே பார்த்துப் பழகிய எங்களுக்கு, அசையாமல் நிற்கிற அந்தக் கோடு ஓர் அதிசயம். அதைப் பார்த்த பிறகுதான் டாக்டரம்மா வண்டியில் வருகிற எல்லாரிடமும், இன்ன ஊர் இன்ன வேலை என்று கேட்பதோடு, எவ்வளவு தூரம், எவ்வளவு வேகம், எந்த ஹெல்மெட் என்றும் எழுதச் சொன்னார். என் பையனும் மருமகளும் சேத்தூர் போய் வரும்போதுகூட அடைப்பான் இல்லாமல் கிளம்ப நான் விடுவதில்லை.

நான் ஓய்வு பெறுவதற்கு முந்தின வருடம். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை வீட்டில் தோசை வார்த்துக்கொண்டிருந்தேன். போன் அடித்தது. ஜேசுதாசன் சார். மூச்சு வாங்கியது அவருக்கு.

"சிஸ்டர், தாழ்ந்த கெளையில. என் தலைக்கு ரெண்டடி மேல. பேசாதீங்க, கேளுங்க" என்றார். போனை மேலே தூக்கிப் பிடித்திருப்பார் போல.

அடுப்பை அணைத்தேன். காதோடு போனை அழுத்திக்கொண்டேன். சரசரவென்று ஏதோ இரைச்சல், அதற்குப் பின்னால் ஒன்றுமில்லை. போனுக்கு அவ்வளவு உயரமான கீச்சுக் குரலைக் கொண்டுவரத் தெரியாது. என் நல்ல காதை வைத்துக்கொண்டு எவ்வளவு முயன்றும் எனக்கு எதுவும் கேட்கவில்லை.

"கேட்டுச்சா?" என்றார். "எனக்குக் கேட்டுச்சு சிஸ்டர். மூணு தடவ."